வெறும் வயிறு

"மிக்ஸிய இன்னிக்கே யாருக்காவது தூக்கிக் குடுத்துடுக்கா, இனிமே இந்த வீட்டுல—"

"முதல்ல ஆபரேஷன் நல்லபடியா முடியட்டும்டா, அப்புறம்—"

"ஆபரேஷன் இல்ல, எத்தன தடவ சொல்றது, உடம்புல ஒரு கீறல் கிடையாது, வாய் வழியாவே—"

"கீறாம எப்படி வெட்டுவாங்களாம், மந்திரம் போட்டா?"

"—அந்தச் சத்தம் கேட்டாலே குமட்டுது. எட்டு வருஷமா நான் கண்ணு முழிக்கிறதே அந்த மிக்ஸி சத்தத்துலதான்."

நானும் என் தம்பியும் எப்போதும் இப்படித்தான். ஒருவர் முடிக்கும்வரை மற்றவர் காத்திருப்பதில்லை. புதிதாகக் குடிவருகிறவர்கள் சண்டை என்று நினைத்துக் கதவைத் தட்டியிருக்கிறார்கள். அன்று நடந்தது சண்டைதான், ஆனால் மிக்ஸிக்கான சண்டை. சம்பவத்துக்கு முன்பு குடும்பத்தில் மனக்கசப்பு ஏதாவது உண்டா என்று உங்கள் விசாரணைத் தாளில் ஒரு கேள்வி இருக்கிறதே, அதற்கு நேராக இதை எழுதிக்கொள்ளுங்கள். வேறு கசப்பு ஒன்றும் இல்லை.

அவனுக்கும் எனக்கும் பதினான்கு வயது வித்தியாசம். அம்மா போனபோது அவனுக்கு ஐந்து வயது. அதற்குப் பிறகு அவன் சாப்பிட்ட ஒவ்வொரு வாயும் என் கையால் போனதுதான். ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று நீங்கள் கேட்கவில்லை. எல்லாரும் கேட்பார்கள். நேரம் இல்லை, அவ்வளவுதான்.

அவன் லிஃப்ட் மெக்கானிக். நோய் வந்தபோதுகூடத் தொழில் பேச்சிலேயே அதைச் சொன்னான். "சாப்பாடு ஒழுங்காத்தான் இறங்குதுக்கா. கீழ் மாடிக்கு வந்ததும் கதவு திறக்க மாட்டேங்குது. உள்ள இருக்கிறவங்க எல்லாம் பெல் அடிச்சுக்கிட்டு நிக்கிறாங்க." டாக்டர்கள் அதற்கு அக்கலேசியா என்று பெயர் சொன்னார்கள். உணவுக்குழாய் வயிற்றோடு சேரும் இடத்தில் தசை ஒரு வளையமாக இருக்கிறது. நாம் விழுங்கும்போது அது தளர வேண்டும். அவனுக்கு அது தளரவில்லை. குழாயும் தள்ளுகிற வேலையை நிறுத்திவிட்டது. சாப்பிட்டது எல்லாம் வயிற்றுக்குப் போகாமல் நெஞ்சுக்குள்ளேயே தேங்கி நிற்கும். மணிக்கணக்கில் நிற்கும், சில சமயம் இரண்டு நாள்கூட. குனிந்து செருப்பு மாட்டினால் காலையில் சாப்பிட்டது வாய்க்கு வந்துவிடும். புளிப்பே இல்லாமல், போட்டது போட்டபடி வரும். அது வயிற்றைப் பார்த்ததே இல்லையே.

நான் மாவு மில்லில் இருபத்தாறு வருஷம் சல்லடைப் பரிசோதனை செய்தவள். ஒவ்வொரு மூட்டையிலிருந்தும் ஒரு பிடி எடுத்து, கண் சிறுத்துக்கொண்டே போகும் ஆறு சல்லடைகளில் சலித்து, எதில் எவ்வளவு தங்குகிறது என்று பார்க்கும் வேலை. ஒரு சிட்டிகையை நாக்கில் வைத்தே எந்தச் சல்லடையில் இறங்கியது என்று சொல்வேன். மேனேஜர் என்னை 'பூதக்கண்ணாடி' என்றுதான் கூப்பிடுவார். தம்பிக்கு நோய் என்று தெரிந்த மாதமே வேலையை விட்டேன். அவன் வேண்டாம் என்று சொன்னான். மரியாதைக்குச் சொல்கிறான் என்று எடுத்துக்கொண்டேன்.

சோற்றைக் குழைய வேகவைத்து, மூன்று முறை அரைத்து, கடைசிச் சல்லடையில் இறக்கி, அதற்குப் பிறகு துணியில் வடிகட்டுவேன். இளஞ்சூட்டில் கொடுக்க வேண்டும். அவன் நின்றுகொண்டு குடிப்பான். நாலு வாய்க்கு ஒரு முறை மூச்சை இழுத்துப் பிடித்துக் குதிகாலால் குதிப்பான், உள்ளே நிற்பது இறங்கட்டும் என்று. நானும் கூடவே குதிப்பேன். இந்த வயதில். கீழ்வீட்டுக்காரர் ஒருநாள் மேலே வந்து, "டான்ஸ் கிளாஸ் எத்தன மணி வரைக்கும் நடக்கும்?" என்று கேட்டார். மூன்று பேரும் சிரித்தோம். அவன் நாற்பத்தாறு கிலோவுக்கு வந்துவிட்டான். வெளியே யார் வீட்டிலும் அவனால் ஒரு வாய் சாப்பிட முடியாது. ஆறு மணிக்கு வேலை முடிந்தால் ஆறே காலுக்கு வீட்டில் இருப்பான்.

அந்த எட்டு வருஷம் போல நல்ல காலம் எனக்கு வாய்த்ததில்லை. இதைச் சும்மா சொல்கிறேன். எழுத வேண்டாம்.

பிறகு ரொட்டிக்கடைக்காரி வந்தாள். அவள் கடையில் மாவு மூட்டை ஏற்றுகிற சாமான் லிஃப்ட் பாதியில் நின்றுவிட்டது. இவன் சரி பண்ணப் போனான்.

"சூடா ஒரு பன் குடுத்தாங்கக்கா. சாப்பிட முடியாதுன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு. பேன்ட் பாக்கெட்ல போட்டுக்கிட்டேன். தொடை வெந்துபோச்சு."

"எதுக்குடா வாங்கின?"

"குடுத்தாங்களே."

ஒரே வாரத்தில் அந்த லிஃப்ட் மூன்று முறை நின்றது. நல்ல மெக்கானிக் கை வைத்த லிஃப்ட் அப்படி நிற்காது. அவளும் தனிக்கட்டை, புருஷன் போய் ஆறு வருஷம். ஒருநாள் வீட்டுக்கே வந்தாள். நான் உட்காரச் சொல்லியும் அடுக்களை வாசலில் நின்றுகொண்டு என் சல்லடைகளைப் பார்த்தாள். மாவு பிசைகிறவள் அல்லவா, சல்லடையின் அருமை தெரிந்தவள். "அடேயப்பா, இது பட்டுத்துணிக் கண்ணாச்சே" என்றாள். பிறகுதான் அதைச் சொன்னாள்.

"இதுக்கு இப்போ வைத்தியம் வந்திருக்கேக்கா. எங்க அண்ணிக்கு இதே கோளாறுதான். வாய் வழியா கேமரா ட்யூப் விட்டு, உள்தோலுக்கு அடியிலயே சுரங்கம் மாதிரி போய், இறுகிப்போன தசைய மட்டும் வெட்டி விட்டுட்டாங்க. வெளிய ஒரு தையல் இல்ல. மூணாம் நாள் கஞ்சி, மூணாம் வாரம் சோறு. உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியாதே" என்றேன்.

அவளிடம் நான் சொன்ன ஒரே பொய் அதுதான், அதையும் உங்களிடம் மறைக்கப் போவதில்லை. எனக்குத் தெரியும். நாலு வருஷத்துக்கு முன்பே பழைய டாக்டர் என்னை வராந்தாவில் நிறுத்திவைத்துச் சொல்லியிருந்தார். "தம்பிகிட்ட பேசிட்டு வாங்க" என்றார். வீட்டுக்கு வரும் வழியில் பஸ்ஸில் யோசித்தேன். மயக்க மருந்து என்கிறார், குழாயில் ஓட்டை விழவும் கொஞ்சம் வாய்ப்பு உண்டு என்கிறார். இறங்கும் இடம் வருவதற்குள் முடிவு செய்துவிட்டேன். தம்பி கதவைத் திறந்து, "என்னக்கா சொன்னார்?" என்று கேட்டான். "இப்படியே கவனமா பாத்துக்கச் சொன்னார்" என்றேன். அதையும் அவர் சொன்னார்தான்.

அந்த நாலு வருஷத்தில் அவன் எடை ஒன்பது கிலோ குறைந்தது. நான் இன்னும் மெல்லிய துணி வாங்கினேன்.

இனி அவனை நிறுத்த முடியாது என்று ஆகிவிட்டது. இருவரும் போய் டாக்டரைப் பார்த்து நாள் குறித்துவிட்டு வந்தார்கள். போன வாரம் பிறந்தவன் மாதிரி முகம். சாப்பாட்டு மேஜைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு சொன்னான்.

"எல்லாம் முடிஞ்சதும் அவங்க கடை மாடிக்கே போயிடலாம்னு இருக்கோம். ரெண்டு ரூம் இருக்கு. நீயும் வந்துடுக்கா."

"எனக்கு அங்க என்னடா வேலை?"

"வேலையா? ஒரு வேலையும் வேணாம். சும்மா இரு. எனக்குப் பண்ணின வரைக்கும் போதும்."

அன்பாகத்தான் சொன்னான். அவன் கண் கலங்கியிருந்தது. போதும் என்ற சொல்லை நான் அவன் வாயிலிருந்து லட்சம் முறை கேட்டிருக்கிறேன், டம்ளரைத் தள்ளி வைக்கும்போது. அப்போதெல்லாம் "இன்னும் ஒரே வாய்" என்பேன், குடிப்பான். இந்த முறை அப்படிச் சொல்ல இடம் இல்லை.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் தாளை என் கையில்தான் கொடுத்தாள். எப்போதும் நான்தான் கூடப் போகிறவள், எல்லாரும் என்னிடம்தான் கொடுப்பார்கள். மூன்று நாள் தெளிந்த தண்ணீர் ஆகாரம் மட்டும். "எவ்வளவு தெளிவுன்னா, கண்ணாடி டம்ளருக்குப் பின்னாடி பேப்பர் வச்சா எழுத்து படிக்கிற மாதிரி தெரியணும்மா" என்றாள். முதல்நாள் மதியத்துக்கு மேல் அதுவும் கூடாது. நல்ல பெண். இரண்டு முறை சொன்னாள். அதற்கு முந்தைய வாரம் கேமரா விட்டுப் பார்த்தபோது குழாய் சுத்தமாக இருந்தது. அதற்கும் ஆகாரத்தைத் தயாரித்தது நான்தான். என் வேலையை டாக்டரே பாராட்டினார்.

அவன் வேலையிடத்துக்கு மூடி போட்ட பிளாஸ்க்கில்தான் கொண்டுபோவான். உள்ளே இருப்பது கண்ணுக்குத் தெரியாது, நாக்குக்கு மட்டும்தான் தெரியும். நாக்கை ஏமாற்றும் அளவுக்கு மாவை இறக்க எனக்குத் தெரியும்.

"கெட்டியா இருக்கேக்கா."

"காய்கறி வெந்த தண்ணிடா. ஆறினா அப்படித்தான் உறையும்."

"தெளிவா இருக்கணும்னாங்களே."

"மூணு தடவ வடிகட்டியிருக்கேன். என்னை நம்ப மாட்டியா?"

"உன்ன நம்பாம வேற யார நம்பறது?" என்று சொல்லிவிட்டு அண்ணாந்து குடித்தான்.

மூன்று முறை வடிகட்டியது உண்மை. மூன்று நாளும் அப்படியே கொடுத்தேன். மூன்றாம் நாள் சாயங்காலமும் கொடுத்தேன், தாளில் அனுமதி இருக்கிறது என்று சொல்லி. அவன் தாளைக் கேட்கவில்லை. "நெஞ்சு கனமா இருக்குக்கா" என்றான். "பயம்டா, எனக்கும்தான் இருக்கு" என்றேன். குதித்துப் பார்க்கட்டுமா என்று கேட்டான். வேண்டாம், நாளைக்கு உடம்பு அலுப்பாக இருக்கும் என்று சொன்னேன்.

காலையில், அவன் தினமும் போடுகிற ரத்த அழுத்த மாத்திரையை மட்டும் ஒரு வாய்த் தண்ணீரோடு போடலாம் என்று இருந்தது. மாத்திரையைப் பொடித்து ஒரு டம்ளரில் கரைத்துக் கொடுத்தேன். தண்ணீரில் கரைக்கவில்லை.

இந்த வைத்தியம் செய்கிற டாக்டர் மாதத்தில் ஒரே நாள்தான் அந்த ஆஸ்பத்திரிக்கு வருவார். அன்று ஐந்து பேர். இவன் நாலாவது. மயக்க மருந்து கொடுக்கிற டாக்டர் ஒரு சின்னப் பெண், முடியைத் தொப்பிக்குள் திணித்துக்கொண்டே ஓடி வந்தாள். ரொட்டிக்கடைக்காரி கடையைப் பூட்டிவிட்டு வந்து வராந்தாக் கோடியில் நின்றிருந்தாள். தம்பி தள்ளுவண்டியில் படுத்தபடி என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"வெளிய வந்ததும் முதல்ல பன்னுதான்க்கா."

"முதல்ல தண்ணி. அப்புறம் பாக்கலாம்."

"பாத்தீங்களா டாக்டர், இதுதான் எங்க அக்கா. சொர்க்கத்துக்குப் போனாலும் வடிகட்டிட்டுத்தான் விடும்."

அந்தப் பெண்ணும் சிரித்தாள். பிறகு அவனிடம் கேட்டாள், "வெறும் வயிறுதானே?" "ஆமா, தெளிஞ்ச தண்ணிதான், அதுவும் நேத்தோட சரி, காலைல மாத்திர மட்டும்" என்றான், அவனுக்குத் தெரிந்தபடி. அவள் என் பக்கம் திரும்பினாள்.

"நீங்கதானே சாப்பாடெல்லாம் பாத்துக்கறீங்க? வெறும் வயிறுதானேம்மா?"

"வயித்துல ஒரு பருக்கைகூட இல்லம்மா" என்றேன்.

அது பொய் இல்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். நான் கொடுத்தது ஒன்றுகூட அவன் வயிற்றை எட்டியிருக்காது. நெஞ்சில் ஏதாவது நிற்கிறதா என்று அவள் கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேனோ தெரியாது. அவள் கேட்டது வயிற்றை. உலகத்தில் எந்த நோயாளியிடம் கேட்டாலும் சரியாக இருக்கும் கேள்வி, என் தம்பி மாதிரி ஆளிடம் மட்டும் சரியாக இருக்காது. முதலில் ஒரு ட்யூப் விட்டு உறிஞ்சிப் பார்த்திருக்க வேண்டும் என்று உங்கள் குழு எழுதியிருக்கிறது. முந்தைய வாரம் சுத்தமாக இருந்த குழாய், மூன்று நாள் தண்ணீர் ஆகாரம், நிதானமான ஒரு அக்கா. நான் அவள் இடத்தில் இருந்திருந்தால் நானும் நம்பியிருப்பேன்.

தள்ளுவண்டிக்கும் உள்கதவுக்கும் நடுவே பன்னிரண்டு அடி இருக்கும். ஒரு சக்கரம் மட்டும் கிறீச்சிட்டுக்கொண்டே போனது. எண்ணெய் விட வேண்டும் என்று நினைத்தேன். வேறு எதுவும் நினைக்கவில்லை.

மயக்க மருந்து ஏறியதும் மூன்று நாள் தேங்கியிருந்தது மேலே வந்து மூச்சுக்குழாய்க்குள் இறங்கிவிட்டது. அவ்வளவு மெல்லிசாக அரைத்ததை உறிஞ்சி எடுப்பதும் கஷ்டமாம். ஏழு நிமிஷம் மூளைக்குக் காற்று போகவில்லை. அந்தத் தசையை யாரும் வெட்டவே இல்லை.

அந்தச் சின்ன டாக்டர் மாடிப்படியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். கேன்டீனில் டீ வாங்கி, சர்க்கரை கூடப் போடச் சொல்லிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். "உங்க மேல ஒரு தப்பும் இல்லம்மா" என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு இன்னும் அழுதாள். இப்படி ஒரு மனுஷியா என்று ஆஸ்பத்திரியே பேசியது. உண்மையைத்தான் சொன்னேன். யாரும் அதை உண்மையாக எடுத்துக்கொள்ளவில்லை.

ரொட்டிக்கடைக்காரி நாலு மாதம் தினமும் வந்தாள். வெறும் கையோடு வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்து, லிஃப்ட் எப்படி ஓடுகிறது என்று சொல்வாள். அவன் கண்ணிலிருந்து தண்ணீர் வழியும். "நீங்க வந்தா அவன் உடம்பு பதறுது, பாத்தீங்கல்ல" என்று சொன்னேன். "பதறுதா? அழறாருக்கா" என்றாள். "ரெண்டும் ஒண்ணுதாம்மா" என்றேன். பிறகு வருவது குறைந்து நின்றுவிட்டது. நல்ல பொம்பளை. அவளுக்கு நான் ஒரு கெடுதலும் நினைத்ததில்லை.

உங்களை நான்தான் கூப்பிட்டேன். ஏன் என்று கேட்டீர்கள். போன வாரம் அந்த டாக்டர் பெண் வந்திருந்தாள். அடையாளமே தெரியவில்லை, மெலிந்துபோய் நின்றாள். பதினோரு மாதமாக வேலை இல்லை. இனிமேல் அந்த வேலைக்கே போகப்போவதில்லையாம். "தினமும் அந்தக் கேள்விய எனக்குள்ளயே கேட்டுப் பாக்கறேம்மா. நான் சரியாத்தானே கேட்டேன்?" என்றாள். "சாப்பிட்டியா?" என்று கேட்டேன். எதுவும் இறங்குவதில்லை என்றாள். அதைக் கேட்டதும் எனக்குப் பொறுக்கவில்லை. சாப்பிடாத பிள்ளைகளை என்னால் பார்க்க முடியாது.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். அவள் மேல் தவறு இல்லை. உணவைக் கேமராவில் பார்த்தால் திட்டிவிட்டு அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போடுவார்கள் என்று நினைத்துத்தான் கொடுத்தேன். நீங்கள் தலையாட்டுகிறீர்கள். இரக்கமான முகம் உங்களுக்கு. நானும் அதைத்தான் எனக்கே பல மாதம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆனால் அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. கீழே கறுப்புக் கட்டத்துக்குள் எழுதியிருக்கிறது: உணவு தங்கியிருந்தால் மயக்கத்தின்போது நுரையீரலுக்குள் போய் உயிருக்கே ஆபத்தாகலாம். அரைத்துக்கொண்டிருந்த மூன்று நாளும் அந்தத் தாள் அடுக்களைச் சுவரில், என் கண்ணுக்கு நேரே ஒட்டியிருந்தது. நான்தான் ஒட்டினேன். படித்தேன், புரிந்தது, அரைத்தேன். அவன் செத்துப்போவான் என்று நினைத்தேனா என்று கேட்டால், நினைத்தேன். மாடி அறையில் இன்னொருத்தி கையால் சாப்பிடுவதையும் நினைத்தேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். எனக்கு இரண்டில் எது பெரிதாகத் தெரிந்தது என்பதை நீங்களே எழுதிக்கொள்ளலாம்.

அவன் சாகவில்லை. அதுதான் நான் எதிர்பாராதது. பேச்சு இல்லை, நடை இல்லை. வாய் வழியாகச் சாப்பிட முடியாது என்பதால் வயிற்றில் சின்னதாக ஓட்டை போட்டு ஒரு குழாய் வைத்திருக்கிறார்கள். பெரிய சிரிஞ்சில் எடுத்து மெல்ல அழுத்த வேண்டும். நேரே வயிற்றுக்குப் போகிறது. எதுவும் நிற்பதில்லை, எதுவும் திரும்பி வருவதில்லை. அரைப்பதில் ஒரு துகள் தங்கினாலும் குழாய் அடைத்துக்கொள்ளும் என்பதால் என்னைத் தவிர வேறு யாராலும் செய்ய முடியாது. ஐம்பத்தெட்டு கிலோ ஆகிவிட்டான். வந்து பார்த்த நர்ஸ் இவ்வளவு நன்றாகப் பராமரித்த நோயாளியைக் கண்டதே இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

நீங்கள் என்னைக் கூட்டிக்கொண்டு போகலாம். நான் தடுக்கவில்லை. அப்புறம் அவனுக்கு யார் என்று மட்டும் யோசித்துச் சொல்லுங்கள். மிரட்டலாகச் சொல்லவில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டீர்களே.

மணி இரண்டு. அவனுக்கு ஆகாரம் கொடுக்கிற நேரம். கூட வந்து பாருங்கள், அப்போதாவது நம்புவீர்கள். அவனுக்கு ஒன்றும் தெரியாது என்கிறார்கள் டாக்டர்கள். எனக்குத்தான் தெரியும், என் காலடிச் சத்தம் அவனுக்குத் தெரிகிறது. நான் சிரிஞ்சோடு உள்ளே வந்தால் போதும், கழுத்தில் இருக்கிற பலத்தையெல்லாம் சேர்த்து முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வான். ஐந்து வயதிலும் இப்படித்தான், முதல் வாய்க்கு அடம். பாருங்கள், இதோ திருப்புகிறான். வேர்த்துவிட்டது பாவம்.

"இந்தப் பக்கம் திரும்புடா ராஜா. அக்காதானே."